குங்குமச் சிமிழில் இருந்த மாத்திரை

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மார்கழி மாலை. பெரியம்மாவுக்குச் சளி பிடித்து மூன்று நாளாகியிருந்தது. மூக்கடைப்பு, இருமல், உடம்பு வலி. "தம்பி, கடைவீதிப் பக்கம் போனா ஒரு செட்டு மாத்திரை வாங்கிட்டு வாப்பா" என்றார். போனேன். மருந்துக் கடைக்காரர் வயதைக் கேட்டார். 68 என்றேன். "வேற மாத்திரை எதுவும் சாப்பிடுறாங்களா?" என்று கேட்டார். "பிரஷர் மாத்திரை மட்டுந்தாண்ணே" என்றேன். தயங்காமல் சொன்னேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். காகித உறையில் மூன்று நாளுக்கான மாத்திரைகளும் ஓர் இருமல் டானிக்கும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.

மறுநாள் இரவு பெரியம்மா படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, இறந்துபோன பெரியப்பாவோடு பேசிக்கொண்டிருந்தார். போர்வையில் இல்லாத நூலைப் பிடித்துப் பிடித்து இழுத்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது. மார்பில் கை வைத்தால் இதயம் படபடவென்று அடித்தது. காலையிலிருந்து சிறுநீர் கழிக்கவே இல்லை என்பதை யாரும் கவனித்திருக்கவில்லை. அடிவயிறு கல்லைப்போல் இருந்தது. வீட்டில் ஒருவர் மந்திரித்த கயிறு கட்டலாம் என்றார். இன்னொருவர், வயதானால் புத்தி தடுமாறத்தானே செய்யும் என்றார். நல்லவேளையாக ஆட்டோ வந்தது.

மருத்துவமனையில் இருந்த இளம் மருத்துவர் ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டார்: "இவங்க என்னென்ன மாத்திரை சாப்பிடுறாங்க?" மூன்று மகன்களும் பிரஷர் மாத்திரையின் பெயரைத்தான் சொன்னார்கள். அப்போது, சுவரோரம் நின்றிருந்த பேத்தி அழத் தொடங்கினாள். கல்லூரியில் முதலாண்டு படிப்பவள். இரவு தோறும் பாட்டிக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பவள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு பாட்டிக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன்" என்றாள். பிறகு சொன்னாள்.

பீரோவில், புடவைகளுக்கு அடியில், கைக்கடக்கமான ஒரு மரக் குங்குமச் சிமிழ் இருந்தது. பெரியப்பா போன பிறகு அதை யாரும் திறக்கப் போவதில்லை என்று பெரியம்மாவுக்குத் தெரியும். அதற்குள் வெட்டி வைத்த மாத்திரை அட்டைத் துண்டுகள். அமிட்ரிப்டிலின் என்று எழுதியிருந்தது. மனச்சோர்வுக்குத் தரப்படும் பழைய மருந்து. பெரியப்பா இறந்த பின் உறக்கமும் பசியும் பேச்சும் அற்றுப்போயிருந்த நாட்களில், பக்கத்துத் தெரு டீச்சர் ஒருவர் சத்தமில்லாமல் அவரை மனநல மருத்துவரிடம் அழைத்துப்போயிருக்கிறார். அதன்பின் மாதம் ஒரு முறை "கோயிலுக்குப் போயிட்டு வர்றேன்" என்று பஸ் ஏறியதெல்லாம் அந்த மாத்திரைக்காகத்தான். அவர் மீண்டு வந்ததைப் பார்த்து நாங்கள் அனைவரும், காலம் காயத்தை ஆற்றிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

டியூப் போட்டவுடன் ஒரு லிட்டருக்கும் மேல் சிறுநீர் வெளியேறியது. இரண்டு நாளில் பெரியம்மா தெளிந்தார். மருத்துவர் எங்களுக்கு விளக்கினார். அமிட்ரிப்டிலின் தனியாகவே வாயை உலர்த்தும், சிறுநீரைத் தேக்கும், இதயத்தை வேகமாக ஓட்டும். சளி மாத்திரையில் இருக்கும் குளோர்பெனிரமின் என்ற மருந்தும் இதே வேலைகளைச் செய்யும். வயதான உடம்பில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறினால் மூளையே குழம்பிப்போகும். போதாததற்கு மூக்கடைப்பைத் திறக்கும் மருந்தும் அந்தச் செட்டில் இருந்தது. அது ரத்த அழுத்தத்தை ஏற்றுவது. நான் என் கையால் வாங்கிக் கொடுத்த மாத்திரைகள் அவை. கேட்டவருக்கு நான் தவறான விடை சொல்லியிருந்தேன், தவறு என்று தெரியாமலே. அந்த நாளுக்குப் பிறகு படித்தும் கேட்டும் அறிந்தவற்றை, மற்றொரு வீட்டில் இப்படி நடக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

சளி மாத்திரையும் மனச்சோர்வு மாத்திரையும் நாம் நினைப்பதைப்போல அந்நியர்கள் அல்ல. இன்று உலகெங்கும் பரவலாக உட்கொள்ளப்படும் மனச்சோர்வு மருந்தான ஃப்ளூவாக்ஸெட்டின் 1970களில் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தில் உருவானது. அதைத் தேடிய வேதியியலாளர்கள் தொடக்கப் புள்ளியாக எடுத்துக்கொண்டது டைபென்ஹைட்ரமின், அதாவது ஒவ்வாமைக்கும் சளிக்கும் கொடுத்துவந்த பழைய மருந்தின் கட்டமைப்பு. அதற்கு முன் சுவீடனின் அர்வித் கார்ல்சனும் புரோம்பெனிரமின் என்ற சளி மருந்திலிருந்துதான் தம் மனச்சோர்வு மருந்தை உருவாக்கினார். ஒரே குடும்பத்தில் பிறந்த பங்காளிகள் இவர்கள். ஒரே உடம்பில் சந்தித்தால் உறவும் உண்டு, உரசலும் உண்டு.

மனச்சோர்வு மருந்து நாம் உட்கொள்ளும் வேறொன்றோடு இப்படி உரசக்கூடும் என்பதை உலகுக்குக் காட்டிக்கொடுத்தது ஒரு கணவரின் கவனம். 1950களில், காசநோய்க்குத் தந்த இப்ரோனியசிட் என்ற மருந்து நோயாளிகளின் மனத்தையும் உற்சாகப்படுத்துவதை நியூயார்க்கின் ஒரு காசநோய் மருத்துவமனையில் கண்டார்கள். உடம்பில் மோனோ அமைன் ஆக்சிடேஸ் என்றொரு நொதி உண்டு. அதை முடக்குவதால்தான் அந்த உற்சாகம் என்று தெரிந்து, அதே வகையில் மேலும் பல மருந்துகள் வந்தன. ஆனால் அவற்றை உட்கொண்டவர்களில் சிலருக்குத் திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலியும் மூளையில் ரத்தக் கசிவும் வந்தன. காரணம் தெரியவில்லை. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையின் இளம் மருத்துவர் பாரி பிளாக்வெல் இதைப்பற்றி எழுதியதைப் படித்த நாட்டிங்காம் நகர மருந்தாளுநர் ஒருவர் அவருக்குக் கடிதம் எழுதினார். தம் மனைவி அந்த வகை மருந்தை உட்கொள்வதாகவும், பாலாடைக்கட்டி தின்ற நாட்களில் அவருக்கு அதே தலைவலி வந்ததாகவும். பிளாக்வெல் அதைத் தொடர்ந்து ஆராய்ந்து 1963ல் வெளியிட்டார். பாலாடைக்கட்டியில் உள்ள டைரமினைக் குடலிலேயே அழித்துவிடும் காவல்தான் அந்த நொதி. மருந்து அந்தக் காவலை உறங்க வைத்துவிட்டது. பல பெரிய மருத்துவர்கள் தேடிக் காணாததை, மனைவி எந்த நாளில் என்ன சாப்பிட்டாள் என்று பார்த்துவைத்திருந்த ஒரு கணவர் கண்டார்.

சளி மாத்திரைகளில் இன்று மிகுதியாக இருக்கும் பினைலெப்ரினைக் குடலில் அழிப்பதில் இதே காவலுக்கும் பங்குண்டு. வாய்வழியாக உட்கொள்ளும் பினைலெப்ரினால் மூக்கடைப்புக்குப் பயனில்லை என்று 2023ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு ஒருமனதாகச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். பெரும்பகுதி ரத்தத்துக்குப் போய்ச் சேர்வதே இல்லை. காவலை முடக்கும் மருந்தை உட்கொள்பவருக்கோ அது கூடுதலாகப் போய்ச் சேரும். மற்றவருக்கு உதவாத அதே மாத்திரை அவருடைய ரத்த அழுத்தத்தை ஆபத்தான உயரத்துக்கு ஏற்றிவிடக்கூடும். இந்தப் பழைய மனச்சோர்வு மருந்துகள் இன்று நம் நாட்டில் அரிது. ஆனால் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு இப்போது தரப்படும் லினசோலிட் என்ற மருந்துக்கும் இதே குணம் ஓரளவு உண்டு. காசநோய்க்கு மாத்திரை சாப்பிடும் வீட்டில் இருமல் டானிக் வாங்காதவர் யார்? அங்கே இந்த எச்சரிக்கை கூடுதலாக வேண்டும்.

இன்று பெரும்பாலானோர் உட்கொள்வது ஃப்ளூவாக்ஸெட்டின், எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், பாராக்ஸெட்டின் போன்றவை. மூளையின் நரம்பணுக்களுக்கு இடையே செரட்டோனின் என்ற வேதிப்பொருள் கூடுதல் நேரம் தங்கும்படி இவை செய்கின்றன. இருமல் டானிக்குகளில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்பனும் ஓரளவு இதையே செய்கிறது. அத்தோடு, டெக்ஸ்ட்ரோமெத்தார்பனைச் சிதைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதியை ஃப்ளூவாக்ஸெட்டினும் பாராக்ஸெட்டினும் அடைத்துவிடுகின்றன. மடை அடைபட்ட கண்மாய்க்குள் வாய்க்கால் நீர் வந்துகொண்டே இருப்பதைப்போல், டானிக் மூடியில் அளந்து குடித்தாலும் ரத்தத்தில் அதன் அளவு ஏறிக்கொண்டே போகும். செரட்டோனின் அளவு மீறினால் கை நடுங்கும், கால் தசைகள் தாமே வெட்டி வெட்டித் துடிக்கும், வியர்த்துக் கொட்டும், மனம் பதறும், வயிறு போகும், கண்மணி விரியும், காய்ச்சல் ஏறும். பெரும்பாலும் சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடும். செரட்டோனின் நோய்க்குறித் தொகுதி என்று மருத்துவர்கள் இதைச் சொல்கிறார்கள்.

1984 மார்ச் மாதம், நியூயார்க்கில் லிபி சயோன் என்ற 18 வயதுக் கல்லூரி மாணவி காய்ச்சலும் உடல் உதறலுமாக மருத்துவமனையில் இரவில் சேர்க்கப்பட்டார். அவர் பெனெல்சின் என்ற மனச்சோர்வு மருந்தை உட்கொண்டிருந்தார். காவல் நொதியை முடக்கும் வகை அது. உதறலை அடக்கப் பெதிடின் ஊசி போட்டார்கள். பதற்றம் கூடியது, கட்டிலோடு கட்டினார்கள். காய்ச்சல் 107 டிகிரிக்கு ஏறி, விடியும் நேரத்தில் உயிர் பிரிந்தது. அந்த இரண்டு மருந்துகளின் சேர்க்கையே காரணமாயிருக்க வேண்டும் என்பது பின்னர் பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. தந்தை சிட்னி சயோன் பத்திரிகையாளர். மகளைப் பார்த்துக்கொண்ட பயிற்சி மருத்துவர்கள் ஓய்வின்றி உழைக்க வைக்கப்பட்டவர்கள் என்பதை எடுத்துச் சொல்லி அவர் ஆண்டுக்கணக்கில் போராடினார். 1989ல் நியூயார்க் மாநிலம் பயிற்சி மருத்துவர்களின் வேலை நேரத்தை வாரத்துக்கு 80 மணியாக வரையறுத்தது. உலகம் அந்த விதியைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. எனக்கு மறக்க முடியாதது வேறொன்று. அந்த இரண்டும் சேரக் கூடாது என்பது அன்றே மருந்து நூல்களில் அச்சாகியிருந்தது. நூலில் இருந்த அறிவு அந்த இரவில் அந்தக் கட்டிலருகே வந்து சேரவில்லை. பெதிடினிடம் இருக்கும் செரட்டோனினைக் கூட்டும் குணம், கடையில் கேட்டால் கிடைக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்பனிடமும் உண்டு.

இதைப் படித்து யாரும் அஞ்சிவிட வேண்டாம். மனச்சோர்வு மாத்திரை உட்கொள்ளும் பெரும்பாலோர் ஒரு சளி மாத்திரையால் எந்தக் கேடும் அடைவதில்லை. 2022ல் அமெரிக்காவில் மனச்சோர்வுக்கென்றே ஒரு கூட்டு மாத்திரை ஒப்புதல் பெற்றது. அதில் இருப்பது இதே டெக்ஸ்ட்ரோமெத்தார்பனும், அது விரைவில் சிதையாமல் தடுக்கும் பியூப்ரோபியான் என்ற மருந்தும். மடையை அளந்து அடைத்துப் பாசனம் செய்வதுபோல, அந்தச் சேர்க்கையே அளவறிந்தவர் கையில் மருந்தாகிறது. அறியாமல் சேரும்போதுதான் அது விபத்து.

அதைவிட முக்கியமான ஒன்று. சளி பிடித்திருக்கிறது, எதற்கு வம்பு என்று மனச்சோர்வு மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்றலும், மண்டைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வும் வரும். மறைந்திருந்த இருள் மீண்டும் கவியும். நிறுத்தினாலும் உடனே தப்பிவிட முடியாது. ஃப்ளூவாக்ஸெட்டின் உடம்பைவிட்டு முழுதாக நீங்க ஐந்து வாரம் வரை ஆகும். சளி தானே போய்விடக்கூடிய நோய். மனச்சோர்வு அப்படிப்பட்டதல்ல. இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால் சளி மாத்திரையைத்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் வேறெதுவும் கலக்காத பாரசிட்டமால், தொண்டைக்கு உப்புநீர்க் கொப்பளிப்பு, மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு, இருமலுக்குத் தேன், ஆவி, ஓய்வு ஆகியவையே பலருக்குப் போதும். உடம்பு வலிக்கென்று செட்டில் சேர்க்கும் டைக்ளோபினாக், ஐபுப்ரோபென் ஆகியவற்றுக்கும் எச்சரிக்கை உண்டு. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் செரட்டோனினைச் சேமித்து வைப்பவை. இன்றைய மனச்சோர்வு மாத்திரைகள் அந்தச் சேமிப்பைக் குறைக்கின்றன. மேலே வலி மாத்திரையும் சேர்ந்தால் இரைப்பையில் ரத்தக் கசிவு வரும் வாய்ப்பு கூடுகிறது.

இத்தனை வேதியியலுக்கும் அடியில் இருப்பது ஒரு சமூக நோய். பெரியம்மா ஏன் மறைத்தார்? பிரஷர் மாத்திரை சாமி படத்துக்குக் கீழே எல்லாரும் பார்க்கத்தான் இருந்தது. மனசுக்கு மாத்திரை என்றால் மட்டும் "பைத்தியத்துக்கு மருந்து தின்கிறாள்" என்ற பேச்சு வரும், பேத்திக்கு வரன் பார்க்கும்போது அது குறுக்கே நிற்கும் என்று அவர் அஞ்சினார். அந்த அச்சத்தை அவர் எங்கிருந்தோ கொண்டுவரவில்லை. எங்கள் வீட்டுத் திண்ணையில், எங்கள் வாய்ப்பேச்சில், உறவினர் ஒருவரைப் பற்றி நாங்கள் செய்த ஏளனத்தில் அவர் கற்றார். அவருடைய சிமிழை மூடியது எங்கள் நாக்கு.

திருக்குறளில் ‘மருந்து’ என்று ஓர் அதிகாரம் உண்டு. அதன் நிறைவில் வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர். பெரியம்மாவுக்கு நல்ல மருத்துவர் கிடைத்தார், ஏற்ற மருந்தும் கிடைத்தது. நான்காமவர் மட்டும் இல்லை. வீடு நிறைய ஆள் இருந்தும் இல்லை. பதினெட்டு வயதுப் பேத்தி ஒருத்தியின் தோளில் அந்த முழுப் பாரமும் ஏறியிருந்தது, அதுவும் பேசக் கூடாது என்ற சத்தியத்தோடு. அவள் அன்று சத்தியத்தை மீறினாள். நான் அறிந்தவரை எங்கள் குடும்பத்தில் அதைவிடப் பெரிய அறச்செயல் நடந்ததில்லை.

தம் மனநோயை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிய வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்தரங்கத்தை நோயாளியின் உரிமை என்றே சொல்கிறது. மனநோயை உடல்நோய்க்குச் சமமாக நடத்தவும் சொல்கிறது. ஆனால் மூன்று பேரிடம் மட்டும் மறைக்கக் கூடாது. எந்த நோய்க்காகப் போனாலும் அங்கிருக்கும் மருத்துவரிடம், அவர் பல் மருத்துவராயினும் சரி. மருந்துக் கடையில் மருந்து எடுத்துத் தருபவரிடம். வீட்டில், நாம் பேச முடியாமல் போகும் நாளில் நமக்காகப் பேசக்கூடிய ஒருவரிடம். வாயால் சொல்லக் கூச்சமாயிருந்தால் அட்டையைக் காட்டினால் போதும். கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டாலும் போதும். முதுகில் சிவப்புக் கோடு போட்ட அட்டை எதை உட்கொள்பவரும் அடுத்த மருந்து வாங்குமுன் அதைக் காட்டுவதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். நாட்டு மருந்தையும் கணக்கில் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கடைக்காரருக்கும் கடமை உண்டு. பெயர் தெரியாமல் உதிரியாகப் பொட்டலம் கட்டித் தரும் செட் மாத்திரையில், எதை விழுங்கினோம் என்று நோயாளிக்கே தெரியாது. மருத்துவமனைக்குப் போனால் சொல்லவும் முடியாது. "வேற மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று எங்கள் கடைக்காரர் கேட்டாரே, அது நல்ல கேள்வி. "தூக்கத்துக்கோ மனசுக்கோ நரம்புக்கோ ஏதாவது சாப்பிடுறாங்களா?" என்று இன்னும் ஒரு படி இறங்கிக் கேட்டிருந்தால், நான் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டிருப்பேனோ என்னவோ. மாத்திரை எழுதித் தரும் மருத்துவரும், எந்தச் சளி மருந்தை வாங்கக் கூடாது என்று சீட்டின் ஓரத்தில் ஒரு வரி தமிழில் எழுதித் தந்தால் அது எத்தனையோ இரவுகளைக் காக்கும்.

குடும்பத்தார் செய்ய வேண்டியது இன்னும் எளிது. மருந்தைப் பற்றிக் கேட்கும் குரலில் குற்றம் சாட்டும் தொனி இருக்கக் கூடாது. நடுக்கம், தசைத் துடிப்பு, குழப்பம், சிறுநீர்த் தடை, திடீர்த் தலைவலி இவற்றில் எதைக் கண்டாலும் கயிறு கட்டக் காத்திராமல் 108ஐ அழைக்க வேண்டும். வீட்டில் உள்ள எல்லா அட்டைகளையும், டானிக் பாட்டில்களையும் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோக வேண்டும். மனம் சோர்ந்தவர் யாரிடம் பேசுவது என்று தெரியாமல் தவித்தால், மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

பெரியம்மாவுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. மருத்துவர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார். அது இப்போது சாமி படத்துக்குக் கீழே, பிரஷர் மாத்திரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் பேத்தி தன் கையெழுத்தில் எல்லா மருந்தின் பெயரையும் எழுதி ஒட்டியிருக்கிறாள்.

போன கார்த்திகையில் மீண்டும் சளி. இந்த முறை அவரே என்னோடு கடைக்கு வந்தார். நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் எங்கள் தெருக்காரர். நான் குரலைத் தாழ்த்திச் சொல்லப் போனேன். பெரியம்மா என் கையை விலக்கிவிட்டு, பையிலிருந்து அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"நான் மனசுக்கு மாத்திரை சாப்பிடுறேன் தம்பி. இதோட ஒத்துப்போறதாப் பாத்துக் குடு."

கடைக்காரர் அட்டையைத் திருப்பி, பெயரை நிதானமாகப் படித்தார்.